கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்

நான் எழுதிய தொடர்கதையில் ஒரு சின்ன நாடு, பலம் பொருந்திய பக்கத்து நாட்டிடம் இழந்த மலையடிவாரத்தைத் திரும்பப் பெறுகிறது. போனில் படிக்கிற கதை. வாரம் ஓர் அத்தியாயம் ஏற்றுவேன். படித்தவர்கள் நிறையப் பேர். அழுதேன் என்று எழுதினார்கள், ரத்தம் கொதிக்கிறது என்று எழுதினார்கள். முதல் அத்தியாயத்தில் வெள்ளையாக இருந்த ராணியின் குதிரை நடுவில் எப்படிச் செம்பட்டையாயிற்று என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ரத்தம் கொதிக்கவில்லை. அம்மா போனதிலிருந்து எனக்குள் எதுவும் சூடாவதில்லை. அதனால் எழுதுவதற்கு ஒன்றும் குறைவில்லை. சமைக்கிறவளுக்குப் பசி இருந்தே ஆகவேண்டுமா என்ன?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தகரம் அடிக்கிற சத்தமும் வெல்டிங் வாசனையும்தான். போர்க்களத்துச் சத்தத்தை எப்படி இவ்வளவு தத்ரூபமாக எழுதுகிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து வைத்து வலக்கையால் சாப்பிட்டபடி இடக்கைக் கட்டை விரலால் போனில் எழுதுவேன். பல போர்கள் புளிச்சோற்றோடு நடந்தவை. ராசிபுரத்தில் வீடு. என் வீட்டுக்காரர் கோழித்தீவனக் கம்பெனியில் இருக்கிறார். பொழுது சாய வீட்டுக்கு வந்ததும், "உன்ற ராணி இன்னிக்கு யாரு தலையச் சீவுனா?" என்று கேட்பார். கதையை அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

படிக்காமல் கேட்டவர் ஒருவர் உண்டு. அப்பா. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். கண்ணில் புரை விழுந்து போன் எழுத்தெல்லாம் அவருக்குப் பூச்சியாகத் தெரியும். ஆபரேசன் செய்துகொள்ளலாம் என்றால் குச்சிக்கிழங்கு பிடுங்கட்டும் என்பார், பிடுங்கினதும் அடுத்த நடவு வரட்டும் என்பார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சமைத்துவைத்துவிட்டு அந்த வாரத்து அத்தியாயத்தைப் படித்துக் காட்டுவேன். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கடலைக்காய் உடைத்து வாயில் போட்டபடி கேட்பார்.

கதையைச் சொல்வதற்கு முன்னால் வேலியைச் சொல்ல வேண்டும்.

காடு என்று நாங்கள் சொல்வது விளைநிலத்தை. எங்கள் காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு வேம்பு. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் பொழி, அதாவது வரப்புத் திட்டு. பொழியைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் நிலம். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். வண்டிகளெல்லாம் வடக்கே எங்கெங்கோ ஓடும். இங்கே காட்டுக்கு நடுவில் மாடி வீடு, முன்னால் கிரானைட் பதித்த வாசல். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் எதிரே வந்தால் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்கிற ஆள் அவர்தான், கூடவே அவருடைய ஜேசிபியும் வந்து நிற்கும். ஊர் முறைக்கு அப்பாவை அவர் பெரியப்பா என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

அம்மா ஆடி மாதத்தில் போனாள். எங்கள் வழக்கத்தில் சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்வோம். களையெடுக்கும்போது மத்தியானத்தில் அம்மா தலையைச் சாய்க்கிற இடம் அந்த வேப்பமரத்தடிதான். அங்கேயே வைக்கலாம் என்று அப்பா சொன்னார். ஜேசிபி வந்தது. காரியம் முடிந்தது. மழைக்காலம், மண் இளகிக் கிடந்தது. நாய் நரி தோண்டிவிடாமல் ஒரு வேலி போட்டால் தேவலை என்று யாரோ சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் உடனே, "அதுக்கென்னுங்க பெரியப்பா, நம்ம ஆளுகள உட்டுக் கிளுவப் போத்து நட்டுத் தந்தர்றேன். எந்தப் பக்கமாப் போடறதுங்க?" என்று கேட்டார்.

அப்பா அப்போது ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். துணைக்கு வந்து நிற்கிற மனிதரிடம் இங்கே போடு அங்கே போடு என்று கை நீட்டிச் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. "உங்களுக்குத் தெரியாததுங்களா? பாத்துச் செய்ங்க" என்றார்.

அவரும் பார்த்துத்தான் செய்தார்.

பால் ஊற்றப் போன அன்றைக்குத்தான் கண்டோம். வேலி வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமாக, எங்கள் காட்டுக்குள் ஓடியிருந்தது. மரமும், பொழியும், கிழக்கு ஓரத்து நிலம் முழுவதும், அம்மாவின் மேடும் அந்தப் பக்கம். நடுவில் ஒரு படல், உள்ளே போய்வர. அதன் கம்பி அந்தப் பக்கத்திலிருந்து முறுக்கிக் கட்டியிருந்தது. அப்பா பார்த்தார். பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படலைத் தாண்டிக் கையை நீட்டி, எட்டின மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தார்.

துக்க வீட்டில் கருமாதி முடியும்வரை நிலம் நீச்சு பேசக்கூடாது. பேசினால் சாவை வைத்துச் சண்டை போடுகிறான் என்பார்கள். அப்பா பேசவில்லை. கருமாதி முடிந்து வந்திருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் ஊர் போய்ச் சேர்வதற்குள் மழை நன்றாகப் பெய்தது. கிளுவைக்கு அது போதும். வெறும் குச்சியை ஒடித்துச் சொருகினாலே வேர் விடுகிற சாதி அது. கணுவுக்குக் கணு பச்சை எட்டிப் பார்த்தது.

"துளுத்துப்போச்சு சாமி" என்றார் அப்பா.

"வெட்டிப்போடலாங்கப்பா."

"துளுத்தத வெட்டற கை வெளங்காது."

சர்வேயரை வைத்து அளக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அளக்கோணும்னா சங்கிலி எங்க போகுங்க மாப்பளே? அவ மேலதான போகும்?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒன்று இருந்தது. அதன் வழியாக எல்லாம் தூரத்திலிருந்துதான் கேட்டது.

எப்போது வேண்டுமானாலும் வந்து பூப் போடுங்கள் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பலமுறை சொன்னார். அப்பா ஒரு முறையும் போகவில்லை. அமாவாசைக்கு அமாவாசை சாமந்திச் சரம் வாங்கி வரச் சொல்வார். அதை வேலியின் இந்தப் பக்கத்து முள்ளில் மாட்டிவிட்டு வருவார். காய்ந்த சரத்தின் மேல் புதுச் சரம் என்று அந்த இடம் மட்டும் எப்போதும் பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும். நான் மட்டும் ஒரு முறை படலைத் திறக்கப் போனேன். "யாரக் கேட்டுத் தொறக்கற?" என்றார். அவ்வளவு கடுமையாக அதற்கு முன்பு என்னிடம் பேசியதில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "கேட்டுட்டுப் போனா அது அவன் எடம்னு நானே சொன்னாப்பல ஆயிரும். கேக்காமப் போனாத் திருடனாப்பல ஆயிரும்."

இதெல்லாம் நடந்து ஒரு வருசம் போலக் கழித்துத்தான் அந்தக் கதையைத் தொடங்கினேன். ஒரு சின்ன நாடு, ஒரு பெரிய நாடு, இடையில் ஒரு மலை. சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த மாதிரிக் கதைக்கு ஆள் சேரும் என்று மட்டும்தான் தெரியும். முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் அப்பா கடலைத் தொலியை ஊதித் தள்ளிவிட்டு, "ஏஞ்சாமி, இது நம்ம கெழக்குக் காடுதான?" என்றார்.

"இல்லீங்கப்பா. இது கதைங்க."

"கதைன்னு சொல்லிப்போட்டு நம்ம பொழிய எழுதி வெச்சிருக்கற."

இல்லவே இல்லை என்று நான் சாதித்தேன். மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, குதிரை இருக்கிறது, நம் காட்டில் எது இருக்கிறது என்று கேட்டேன். "குதுர இருந்தா மட்டும்?" என்றார். அடுத்த வாரமே பெரிய நாட்டுக்காரர்கள் மலையடிவாரத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று எழுத வேண்டி வந்தபோது, படையெடுத்து அல்ல, மழைக்கு முன்னால் வேலி நட்டு என்று கை தானாக எழுதியது. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்ன கற்பனை, என்ன கற்பனை என்றார்கள்.

அப்பா அதற்குப் பிறகு ராணியின் மந்திரி ஆகிவிட்டார். படைக்கு ஊரே கிளம்பியது என்று எழுதினால், "அத்தன பேரும் போயிட்டா வெள்ளாமைக்கு யாரு தண்ணி கட்டறது?" என்பார். பெண்கள் கட்டினார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தேன். பெண்களின் பங்கை அழகாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டு வந்தது. ராணி சபையில் நீளமாகப் பேசினால், "இவ என்ன ஓட்டுக் கேக்கறாளா?" என்பார். தூக்கம் வந்தால் தூங்கிவிடுவார். ஆனால் அடுத்த ஞாயிறு நான் பையைக் கீழே வைப்பதற்குள், "மலைய வாங்கிட்டாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இன்னும் இல்லீங்கப்பா என்பேன். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது கேள்விதான்.

ஓர் அத்தியாயத்தில் பெரிய நாட்டு ராஜா தூது அனுப்புகிறான். மலைமேல் இருக்கிற உங்கள் கோயிலுக்கு நோம்பித் திருநாளன்று எல்லாரும் வந்து கும்பிட்டுப் போகலாம், நான் அனுமதி தருகிறேன், சோறும் தண்ணீரும்கூடத் தருகிறேன் என்கிறான். சாமியையாவது பார்க்கலாமே, ஏற்றுக்கொள்வோம் என்று மந்திரிகள் சொல்கிறார்கள். அதுவரைதான் எழுதியிருந்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்கக் கூடாதுன்னு சொல்லு அந்தப் புள்ளகிட்ட."

"எந்தப் புள்ளைங்கப்பா?"

"உன்ற ராணிகிட்டத்தான். அனுமதின்னு ஒரு தடவ வாங்கிப்போட்டா அப்பறம் அது அவன் எடந்தான். குடுத்தவன் பெரிய மனுசன். வாங்கினவன் வாயால நன்றி சொல்லோணும். அப்பறம் என்ன பேச்சு இருக்குது?"

ராணியிடம் சொன்னேன். அவள் ஓலையைக் கிழித்துப் போட்டு, "என் மண்ணில் நான் கால் வைக்க இன்னொருவர் உத்தரவு எதற்கு?" என்றாள். நான் எழுதியதில் அந்த ஒரு வரிதான் ஊரெல்லாம் ஓடியது. யார் யாரோ படம் வரைந்து அந்த வரியைக் கீழே போட்டார்கள். ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால், பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய வீட்டம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் அந்த வரி, சிவப்பு எழுத்தில், பக்கத்தில் ஒரு வாளோடு இருந்தது. குத்திக்காட்டுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படி இல்லை. அடுத்த ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் அந்த அண்ணி தன் வாசலிலிருந்தே கூப்பிட்டார். "அம்மிணி, வா வா, ஊட்டுக்குள்ள வா. நீதான் எழுதறயாமா? எனக்குத் தெரியவே தெரியாது பாரு!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்காரவைத்தார். நல்ல மனசுக்காரி. அம்மா படுக்கையில் கிடந்தபோது வாரத்துக்கு இரண்டு தடவை ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். டீ வந்தது, தேங்காய் பர்பி வந்தது. "படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரியுது கண்ணு. அந்தப் பெரிய நாட்டுக்காரனுக நாசமாத்தான் போவானுக. உட்றாத. ஒரு சாண் எடம் உட்றாத" என்றார்.

அண்ணனும் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் படிப்பதில்லையாம், அண்ணி சொல்லித்தான் கேட்பாராம். "எப்பம்மிணி திருப்பிப் புடிப்பாங்க?" என்றார். உண்மையான ஆவலோடுதான் கேட்டார்.

அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் வேப்பமரம் தெரிகிறது. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அவிங்க சண்டை போட்டுப் புடிக்கலீங்கண்ணா. வேலி போட்டுத்தான் புடிச்சாங்க."

"அட, அயோக்கியப் பசங்க!" என்றார் அவர்.

அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு கண் இமைப்பு, ஒரு நெளிவு, ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பர்பித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மறைக்கிறவரென்றால்கூடப் பரவாயில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. உதவிக்குப் போட்டுக் கொடுத்த வேலி அது, அவ்வளவுதான். கேட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் கொடுப்பார், அதுதான் பயம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்பாவுக்குத் தை முடிகிற சமயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சேலம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ராசிபுரத்துக்கு வரமாட்டேன் என்றார். நான் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்து வீட்டிலேயே இருந்தேன். கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். கட்டிலை வாசலில் போட்டால் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். அவருக்கு மரமெல்லாம் ஒரு பச்சைக் கறையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் தலையை அந்தப் பக்கம்தான் வைத்திருப்பார்.

ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "என்னைய உங்கம்மா பக்கத்துல வெச்சுரு."

"சரிங்கப்பா."

"ஆனா கேட்டு வெச்சறாத."

"கேக்காம எப்படிங்கப்பா?"

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "அதான் நீ எழுதறயே சாமி. அவிங்க எப்படி வாங்கறாங்கன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அதற்குள் ஏதோ ஒரு வழி இருக்கும், மகள் கண்டுபிடிப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த மாசிப் பங்குனி முழுக்க நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிவை எழுதி எழுதி அழித்தேன். போர் வைத்தேன். ராணி ஜெயித்தாள். "அவன் மறுபடியும் வருவானே" என்றார் அப்பா. வெள்ளம் வந்து வேலி அடித்துக்கொண்டு போனது என்று எழுதினேன். "வெள்ளம் மட்டும் அவன் பக்கமாப் பாத்துப் போகுமா?" பெரிய நாட்டு ராஜாவுக்கு மனசு மாறியது என்று எழுதினேன். அதற்கு அவர் சிரித்தார். சிரித்து இருமல் வந்து, நெஞ்சைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "மனசு மாறோணும்னா, தப்புப் பண்ணுனம்னு அவனுக்கு மொதல்ல தெரியோணும்ல?"

வாசகர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். இழுக்கிறீர்கள் என்றார்கள். குதிரையின் நிறத்தைக் கேட்டவர்கூட அலுத்துப்போய்க் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் எந்த வழியையும் கண்டுபிடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை அப்பா போய்விட்டார். அழுகை வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எல்லாருக்கும் முந்தி வந்தார். சாமியானாவுக்கு அவரே சொன்னார். நாற்காலி, தண்ணீர் கேன், எல்லாம் அவரே. அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். அவர் அழுகை என் தோளை நனைத்தது. எனக்கு ஈரம் மட்டும் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஜேசிபி வந்து எங்கள் காட்டு முனையில் நின்றது. எங்கே தோண்டுவது என்று ஓட்டுகிறவர் கேட்டார். காரியம் செய்ய வேண்டியவன் சித்தப்பா மகன். அவன் என்னைப் பார்த்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம், குச்சிக்கிழங்குக் கொல்லை முடிகிற இடத்தைப் பார்த்தேன். அங்கே வைத்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பா அம்மாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பார், நடுவில் முள் இருக்கும். காட்டை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் அவர் கேட்டது அதுவா?

அப்போது அண்ணன் எழுந்தார். ஊரே உட்கார்ந்திருந்தது. கணீரென்ற குரல் அவருக்கு. "அம்மிணி, பெரியப்பாவப் பெரியம்மா பக்கத்துலயே வெச்சறலாம். நம்ம எடந்தான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உசுரோட இருக்கறப்பத்தான் மனுசன் சங்கோசப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கம் வராமயே இருந்துட்டாரு. என்ன சொல்றீங்க?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெரிய மனசு, பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். ஒரு கிழவர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்காரர் என் பின்னால் வந்து, "சொல்லு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் மெதுவாக.

ராணிக்கு இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான்தானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவள் அப்பா ஐஸ் பெட்டியில் படுத்திருக்கவில்லை. அவளுக்கு வெயில் இல்லை, கூட்டம் இல்லை, ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கவில்லை. என் வாயிலிருந்து வந்த சொற்களை நான்தான் சொன்னேன் என்று பிறகுதான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியாததுங்களாண்ணா? பாத்துச் செய்ங்க."

அவரே போய் முறுக்குக் கம்பியை அவிழ்த்துப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டார். உயிரோடு ஒரு முறையும் அந்தப் படலைத் தாண்டாத அப்பா, நாலு பேர் தோளில் அதைத் தாண்டிப் போனார். முள்ளில் மாட்டியிருந்த பழைய சாமந்திச் சரம் ஒன்று பாடையில் உரசிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்மாவுக்கு வலப்பக்கம் வைத்தோம். மண் போட்டு முடிந்ததும் எல்லாரும் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூடாது, துக்க வீடு. நான் அவரிடம் நன்றிங்கண்ணா என்றேன். அட, இதுக்குப் போயி என்றார்.

கருமாதிக்குப் பிறகு கதையின் கடைசி அத்தியாயத்தை ஏற்றினேன். என்ன முடிவு என்று நான் யோசிக்கவே இல்லை. அழித்ததில் ஒன்றை எடுத்து ஒட்டினேன், போர் வைத்தது. ராணி குதிரையில் வேலியைத் தாண்டினாள். குதிரை வெள்ளை. ஜனங்கள் முள்ளைப் பிடுங்கி எறிந்தார்கள், மலைமேல் கொடி ஏறியது. அப்பா கேட்டிருந்தால் ஒரு நொடியில் ஓட்டையைக் காட்டியிருப்பார். இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவினேன்.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு சரம் வாங்கிக்கொண்டு போனேன். முள்ளில் மாட்டிவிட்டு வந்துவிடுவதாகத்தான் எண்ணம். கோடை மழை ஒன்று பெய்திருந்தது. வேலியில் மறுபடியும் பச்சை எட்டிப் பார்த்தது. அண்ணி அந்தப் பக்கம் மாட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"அம்மிணி, முடிவு படிச்சுப்போட்டேன்! ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. நம்ம மண்ணு நமக்கு வந்துருச்சு கண்ணு. இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியுது, பாரேன்."

வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார். பார்த்தேன். உண்மைதான், கை ரோமம் குத்திட்டு நின்றது. கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு என் கையில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு, குனிந்து கம்பியை அவிழ்த்துப் படலைத் திறந்தார்.

"வா கண்ணு, ஏன் அங்கயே நிக்கற? எப்ப வேணாலும் வரலாம். உன்ற எடம் மாதிரி நெனச்சுக்கோ."

நன்றிங்கண்ணி என்று சொல்லி, செருப்பை இந்தப் பக்கம் விட்டுவிட்டு உள்ளே போனேன்.